நாலு மணி நேரச் செட்டிநாடு

கானாடுகாத்தானில் நண்பன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு நாள், சுற்றுலாப் பேருந்து ஒன்று வந்து நின்றது. காலை பதினொரு மணி இருக்கும். நாற்பது பேர் இறங்கினார்கள். பெரிய வீட்டு முகப்பில் ஒரு படம், தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்து ஒரு படம், முற்றத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம். சாப்பாடு மதுரையிலிருந்தே பொட்டலமாக வந்திருந்தது. வேப்பமரத்தடியில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டார்கள். பிள்ளையார்பட்டியை முடித்துக்கொண்டு ராத்திரிக்குள் ராமேஸ்வரம் போய்ச் சேர வேண்டுமாம். வண்டி போனதும் நாங்கள் கணக்குப் பார்த்தோம். ஊருக்குக் கிடைத்தது நுழைவுக் கட்டணம், ஏழெட்டு டீக்காசு, அப்புறம் ஒரு சாக்குக் குப்பை. அந்தச் சாக்கும் எதிர்வீட்டு ஆச்சி கொடுத்தது.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள்தான். வீட்டைப் பார்த்து வாய் பிளந்தார்கள், தரையைத் தொட்டுப் பார்த்தார்கள், ஒரு பெரியவர் செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார். ஆனாலும் அவர்கள் வந்துபோனதில் ஊருக்குச் சுமை கூடியதே தவிர, வரும்படி ஒன்றும் பெரிதாக இல்லை. இந்தக் கணக்கை நேராக்குவதைத்தான் ‘நீடித்த சுற்றுலா’ என்கிறார்கள். பெயர் கொஞ்சம் பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. விஷயம் என்னவோ எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழகியதுதான்.

ஊருணியை நினைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டில் அநேகமாக எல்லா ஊரிலும் ஒன்றிரண்டு உண்டு. படிக்கட்டும் சுற்றுச்சுவருமாக, வரத்துக்கால் வழியே மழைத்தண்ணீர் வந்து சேரும்படி கட்டியிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும். அதை வைத்துக்கொண்டு கோடையைத் தாண்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் குடம் கொண்டுவந்து மொண்டு போகலாம். ஆனால் நிரம்புவதைவிட மொள்ளுவது அதிகமானால் சித்திரையில் சேறுதான் மிஞ்சும். வரத்துக்காலை அடைத்துவிட்டால் அதுவும் மிஞ்சாது. சுற்றுலாவும் அப்படித்தான். ஓர் ஊரின் தண்ணீர், அமைதி, பழைய வீடுகள், அங்கிருப்பவர்களின் பொறுமை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஊருணி. வருகிறவர்கள் மொள்ளுகிறார்கள். அவர்கள் விட்டுச்செல்லும் காசும் கவனமும் வரத்துக்கால்.

ஐ.நா. சுற்றுலா அமைப்பு இதையே சற்றுக் கனமாகச் சொல்கிறது. ஒரு பயணம் இன்றைக்கும் நாளைக்கும் உண்டாக்கும் பொருளாதார, சமூக, சுற்றுச்சூழல் விளைவுகள் மூன்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வருகிறவர், தொழில் நடத்துகிறவர், ஊர்க்காரர், இயற்கை என நால்வர் தேவையையும் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். 2017ஆம் ஆண்டை இதற்கான சர்வதேச ஆண்டாகவே ஐ.நா. அறிவித்தது. நாம் பெரும்பாலும் சுற்றுச்சூழல் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, மூங்கில் பல்துலக்கி வாங்கியதோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

சரி, சுற்றுச்சூழலிலிருந்தே தொடங்கலாம். 2019இல் உலகம் முழுக்க வெளியான பசுங்குடில் வாயுக்களில் 8.8 விழுக்காடு சுற்றுலாவின் கணக்கில் வந்தது என்று 2024இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. இதில் பெரிய பங்கு போக்குவரத்துக்கு. அதாவது, போன இடத்தில் என்ன செய்தோம் என்பதைவிட எப்படிப் போனோம் என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து காரைக்குடிக்குச் சாலை வழியே சுமார் 400 கிலோமீட்டர். போக வர 800. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காரென்றால் 53 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். பெட்ரோலின் எடையைவிட இது எப்படிக் கூடும் என்று சிலர் கேட்பார்கள். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் வந்து சேர்ந்துகொள்கிறது, அதனால்தான். ஆக மொத்தம் 120 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நான்கு பேர் போனால் தலைக்கு 30 கிலோ. ஒருவர் மட்டும் போனால் முழுதும் அவர் தலையில். ஆகவே கார் எடுத்தால் நிறைத்து எடுங்கள். ரயிலில் இடம் கிடைத்தால் அதற்கு ஈடே இல்லை. தலைக்கு விழும் அளவு பெரிதும் குறைந்துவிடும். மதுரைக்கோ திருச்சிக்கோ விமானத்தில் பறந்து, அங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டரைத் தனி டாக்ஸியில் வருவதுதான் இந்த வழிகளில் ஆகக் கனமானது.

பல்லவன் எக்ஸ்பிரஸ் மதியத்துக்கு மேல் எழும்பூரில் கிளம்பி இரவில் காரைக்குடியில் கொண்டுவந்து விடும். ராமேஸ்வரம் வண்டிகளில் சிலவும் இந்த வழியாகத்தான் போகின்றன, ஆனால் அகால வேளையில் இறக்கிவிடும். தங்குமிடத்தில் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் நாய்கள்தான் வரவேற்கும். கானாடுகாத்தான் பக்கம் ‘செட்டிநாடு’ என்ற பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் உண்டு. எல்லா வண்டியும் அங்கே நிற்காது, பார்த்து டிக்கெட் எடுங்கள். வந்து இறங்கியபின் டவுன் பஸ் இருக்கிறது, ஷேர் ஆட்டோ இருக்கிறது. பார்க்க வேண்டிய ஊர்களில் பெரும்பாலானவை காரைக்குடியிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள். கானாடுகாத்தான், பள்ளத்தூர் தெருக்களைச் சைக்கிளில் சுற்றலாம். இந்தத் தெருக்கள் நேர்கோடாக, ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும்படி அமைந்தவை. காரில் போனால் மதில்தான் தெரியும்.

நடப்பதைப் பற்றி இந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தைப்பூசத்துக்கு நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், காவடி எடுத்துக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தே போவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. வழியில் சத்திரம், அன்னதானம், படுக்க ஒரு திண்ணை. அந்த நடையில் ஒவ்வோர் ஊரும் ஒரு நாளாகக் கணக்காகும். நம் பேக்கேஜ் பயணத்தில் ஒரு நாளுக்கு மூன்று ஊர்.

எனக்கு இந்த விஷயத்தில் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்றுதான்: ஊர்களைக் குறைத்து நாள்களைக் கூட்டுங்கள். செய்ய வேண்டிய மற்றவை எல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும். ஒரே ஊரில் மூன்று இரவு தங்குகிறவர் தானாகவே குறைவாகப் பயணிக்கிறார். பொட்டலச் சோறு மூன்று நாளைக்குத் தாங்காது, அதனால் உள்ளூரில் சாப்பிடுகிறார். இரண்டாம் நாள் கடைக்காரர் முகம் பழகிவிடும். மூன்றாம் நாள் குப்பையைக் கண்ட இடத்தில் போடக் கூச்சமாக இருக்கும்.

தங்குவது என்றால் எங்கே? இங்கேதான் செட்டிநாட்டுக்கே உரிய சிக்கலும் வாய்ப்பும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் தொழில் செய்த நகரத்தார் கட்டிய வீடுகள் இவை. பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து பளிங்கு, ஆத்தங்குடியிலிருந்து தரைக்கல். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. ஆனால் நிறைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு மாற்ற வேண்டுமென்றால்கூட எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஆள் புழங்காத வீடு சீக்கிரம் கெடும். முற்றத்துத் தண்ணீர்த் தாரையில் சருகு அடைத்துக்கொண்டு, சுவரில் ஈரம் ஏறி, ஒரு மழைக்காலத்தில் கூரையின் ஒரு மூலை உட்காரும். எனவே வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றி ஆள் புழங்க வைப்பது பல நேரம் அதைக் காப்பாற்றுவதாகவே முடிகிறது. உங்கள் அறை வாடகை ஓடு மாற்றுகிற செலவுக்குப் போகிறது என்றால் அதைவிட நல்ல செலவு ஏது?

அந்த வீடுகளில் தங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உயரமான கூரை, திறந்த முற்றம், கனத்த சுவர், அதன்மேல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த பூச்சு. வெயில் கொளுத்தும்போதும் வளவுக்குள், அதாவது உள்முற்றப் பகுதிக்குள், கால் வைத்தால் குளிர்ந்திருக்கும். ஏசி இல்லாத காலத்துக்காரர்கள் கட்டியது, அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. அதே வீட்டில் இன்று கண்ணாடி வைத்து அடைத்த அறையில் இரவு முழுக்க ஏசி ஓடுகிறது. நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. எட்டு மணி நேரத்துக்கு எட்டுப் பத்து யூனிட் என்று வைத்தால் ஓர் இரவுக்கு ஆறேழு கிலோ. சித்திரை வைகாசியில் ஏசி வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது, நானே போடுவேன். கார்த்திகை முதல் மாசிவரை வந்தால் ஃபேன் போதும். மாதத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே பெரிய சிக்கனம்.

தண்ணீர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. கோடையில் குடத்தோடு நிற்கிற தெருவுக்குப் பின்னால், நீச்சல் குளம் ததும்பும் விடுதி ஒன்றில் ஒருமுறை உறவினர்களுக்காக அறை எடுத்தேன். வரவேற்பறையில் ‘தண்ணீரைச் சேமிப்போம், துண்டை மறுமுறை பயன்படுத்துவோம்’ என்று ஒரு அட்டை. சுண்ணாம்பில் இழைத்த செட்டிநாட்டுப் பூச்சு நூறு வருஷம் நிற்கும். இந்தப் பசுமைப் பூச்சு விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். ‘எக்கோ’, ‘நேச்சர்’ என்று பெயரில் இருப்பதெல்லாம் கணக்கில்லை. அறை எடுக்கும் முன் போன் போட்டுக் கேளுங்கள்: தண்ணீர் போரா, லாரியா? மழைநீர் சேகரிக்கிறீர்களா? கழிவுநீர் எங்கே போகிறது? வேலை செய்கிறவர்கள் எந்த ஊர்? நேர்மையாக நடத்துகிறவர்கள் சலிக்காமல் பதில் சொல்வார்கள். ‘மேனேஜரைக் கேட்டுச் சொல்றோம் சார்’ என்றால் நீங்களே புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது காசு. நீங்கள் செலவழிக்கும் நூறு ரூபாயில் எவ்வளவு அந்த ஊரிலேயே தங்குகிறது என்பதுதான் கேள்வி. வெளியூர் நிறுவனத்துக்கு முன்பணம், வெளியூர் வண்டி, வெளியூர்ச் சாப்பாடு என்றால் வரத்துக்காலில் ஓட்டை விழுந்த மாதிரி. உள்ளே வந்த காசு வந்த வேகத்தில் வெளியே போய்விடும். சுற்றுலாத் துறையில் இதற்குக் கசிவு என்றே பெயர்.

ஆத்தங்குடிக்குப் போய்க் கல் செய்வதைப் பார்த்தால் காசு எங்கே தங்கும் என்பது கண்ணுக்கே தெரியும். ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்ட் கூழை ஊற்றி, அச்சை மெதுவாகத் தூக்குவார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த நிமிஷம் மூச்சு நிற்கும். அதன்மேல் மணலும் சிமெண்ட்டும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, காயவைத்தால் கண்ணாடி தனியாக வந்துவிடும்; கண்ணாடியின் வழவழப்பு கல்லில் இருக்கும். சூளையில்லை, விறகில்லை. சிமெண்ட் என்ற ஒன்று இருப்பதால் கார்பனே இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஆனால் ஒவ்வொரு கல்லிலும் ஒரு கைக்கூலி இருக்கிறது. வேடிக்கை பார்த்துவிட்டு வெறுங்கையோடு வராமல் இரண்டு கல்லாவது வாங்குங்கள். சூடான பாத்திரம் வைக்க ஆகும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை இருக்கிறது. ஓலையில் முடையும் கொட்டான் இருக்கிறது. அது காசுக்கும் காசு, பிளாஸ்டிக் பைக்கு மாற்றும் ஆயிற்று. முறுக்கும் சீப்புச் சீடையும் வீட்டில் சுட்டு விற்பவர்களிடம் வாங்கினால் எந்தக் கைக்குக் காசு போகிறது என்று பார்த்தே கொடுக்கலாம்.

வாங்குவதில் ஓர் இடத்தில் மட்டும் தயங்கச் சொல்வேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் உண்டு. எனக்கு அங்கே நேரம் போவதே தெரியாது. எனாமல் தூக்குச்சட்டி, பீங்கான் ஜாடி, பழைய தகர விளம்பரம், பித்தளைக் கூஜா எல்லாம் சீரில் வந்து அடுக்கி வைத்து மிஞ்சியவை. அவற்றை வாங்குவதால் யாருக்கும் நட்டமில்லை. புதிதாக ஒன்றைச் செய்வதைவிட நல்லதும்கூட. ஆனால் நிலைக்கதவும் தூணும் உத்திரமும் வேறு வகை. ஒரு வீடு பிரிந்தால்தான் தூண் கடைக்கு வரும். ஏற்கெனவே விழுந்த வீட்டுத் தூண் என்று கடைக்காரர் சொல்வார், உண்மையாகவும் இருக்கலாம். என்றாலும் வெளியூர் வீடுகளும் ஹோட்டல்களும் தூணுக்கு நல்ல விலை கொடுக்கக் கொடுக்க, நிற்கிற வீட்டைப் பராமரிக்கும் செலவு ஒரு தட்டிலும் பிரித்தால் கிடைக்கும் காசு மறு தட்டிலுமாகப் பங்காளிகள் எடைபோடத் தொடங்குகிறார்கள். எந்தத் தட்டு தாழும் என்று சொல்லவா வேண்டும்? நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதையும் வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களிடம் சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டப்போவதில்லை, நீட்டினால் நிற்காது. ஊரெல்லாம் ‘செட்டிநாடு சிக்கன்’ என்று போர்டு இருப்பதால் இங்கே கறி மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். கறிக்குக் காய்கறியைவிடக் கார்பன் சுமை கூடுதல். கேட்டால் வெண்டைக்காய் மண்டி கிடைக்கும். அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே காயை வேகவைக்கும் பதார்த்தம். தண்ணீர் அருமை தெரிந்த சமையல். காலைக்கு வெள்ளைப் பணியாரம், சாயங்காலம் கும்மாயம், ஒரு வேளைக்குக் கறி என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாலே பாதிப் புண்ணியம்.

பிளாஸ்டிக் பைக்கும் கோப்பைக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலே தடை. தண்ணீர் பாட்டிலுக்கு அந்தத் தடை இல்லை. ஒரு எவர்சில்வர் பாட்டிலும் மஞ்சப்பையும் கொண்டுவந்தால் இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது.

செட்டிநாட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பார்க்காமல் போகும் ஓர் இடம் வேட்டங்குடி. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கம். வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள். 1977இலிருந்து பறவைகள் சரணாலயம். மழைக்குக் கண்மாய் நிரம்பினால் மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா எல்லாம் வந்து மரங்களில் கூடு கட்டும். நிரம்பாத வருஷம் வராது, நாமும் போய்ப் பயனில்லை. இதில் என்ன விசேஷம் என்றால், பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பல காலமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளும் கேட்பதில்லையாம், பிறந்ததிலிருந்தே பழக்கம். யாரும் வந்து நீடித்த சுற்றுலா என்று வகுப்பெடுத்து அவர்கள் இதைச் செய்யவில்லை. தீபாவளியையே விட்டுக்கொடுத்த ஊரின் வழியாக நாம் ஹாரனை அழுத்திக்கொண்டு போகிறோம், கூட்டுக்கு அருகே ட்ரோன் பறக்கவிடுகிறோம். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, கரையில் நடந்து, பைனாகுலர் வைத்துப் பாருங்கள்.

வீடுகளுக்கும் அதே மரியாதைதான். திறந்திருக்கும் கதவு எல்லாமே அருங்காட்சியகம் என்று அர்த்தமில்லை. உள்ளே ஒரு பாட்டி மதியத் தூக்கத்தில் இருப்பார். வாசலில் நின்று குரல் கொடுங்கள், செருப்பைக் கழற்றுங்கள், சாமி வீட்டைப் படம் எடுக்காதீர்கள். காட்டிவிட்டவருக்குக் கொஞ்சம் காசு கொடுத்தால் தப்பில்லை. கல்யாண போட்டோ எடுக்க வருகிறவர்கள் வண்ணப்புகை போடும் பழக்கத்தை எங்கேயாவது வைத்துக்கொள்ளட்டும், சுண்ணாம்புச் சுவரில் அந்தக் கறை போகாது.

போன கார்த்திகையில் என் அலுவலகத் தோழி ஒருவர், கணவர், பையன் மூவருமாகப் பல்லவனில் வந்து கானாடுகாத்தானில் மூன்று இரவு தங்கினார்கள். ராமேஸ்வரத்தை இந்த முறை விட்டுவிட்டார்கள். சைக்கிள் வாடகை, ஆத்தங்குடிக்கு ஆட்டோ, வீட்டுச் சாப்பாடு, இரண்டு கொட்டான், ஒரு கண்டாங்கி. எல்லாம் நான் பார்க்க உள்ளூர்க் கைகளுக்கே போனது. பையன் மூன்றாம் நாள் எதிர்வீட்டு ஆச்சியோடு தாயம் விளையாடித் தோற்றுக்கொண்டிருந்தான். கிளம்பும்போது ஆச்சி வாசல்வரை வந்தார். “அடுத்த தடவை ஐப்பசியில வாங்க. முற்றத்துல நாலு பக்கமும் தண்ணி கொட்டும், அண்டாவை வச்சுப் பிடிப்போம்” என்றார். அப்புறம் பையனைப் பார்த்து, “குடை ஒண்ணு கொண்டாந்துருப்பா. இங்க இருக்கறதெல்லாம் ஓட்டை.”